பிள்ளைத்தமிழின் பருவக் கணக்கும் தொடக்கநிலை வகுப்பறைத் திட்டமிடலும்: பொருநைக்கரை மரபை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை வளர்ச்சிப் படிநிலைகளைக் கற்பிக்கும்போது பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை முன்னோடிச் சான்றாகக் காட்டுவது தமிழ் ஆய்வுலகிலும் ஆசிரியர் கல்வியிலும் இயல்பாக எழும் போக்கு. இப்போக்கு எந்த அளவுக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாட்டியல் நூல்கள் வகுத்த மாதக் கணக்கு, பெரியாழ்வார் பாசுரங்களின் வரிசை, குமரகுருபரரின் இரு பிள்ளைத்தமிழ்கள், பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் ஆகியன இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பருவங்களை வயது அட்டவணையாகக் கொள்வது நூல்களின் இயல்புக்கு மாறானது. அவற்றைப் பெரியவர் குழந்தைக்கு விடுக்கும் அழைப்புகளின் வரிசையாகக் கொள்வதே பொருந்தும். புதிய ஆசிரியரின் வகுப்பறைத் திட்டத்துக்குப் பயன்படுவதும் அந்த வாசிப்பே. இவை இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பிள்ளைத்தமிழ், பருவம், பாட்டியல், குமரகுருபரர், குழந்தை வளர்ச்சி, எண்ணும் எழுத்தும், பாடத்திட்டம், தாமிரபரணி.

முன்னுரை

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரைகள் பிள்ளைத்தமிழ் இலக்கியத்துக்கு வளமான நிலமாக இருந்துள்ளன. 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழையும் பாடிய குமரகுருபரர் திருவைகுண்டத்தில் பிறந்தவர். குளத்தூர் அமுதாம்பிகை பிள்ளைத்தமிழ் பாடிய மாதவச் சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்தவர். நெல்லையப்பர் கோயில் அம்மைமீது காந்திமதியம்மை பிள்ளைத்தமிழ் பாடியவர் அழகிய சொக்கநாத பிள்ளை. ஆற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள திருச்செந்தூரைப் பகழிக்கூத்தர் பாடினார்.

இதே நிலத்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் பாளையங்கோட்டை கல்வி நகரமாக வளர்ந்தது. இன்றும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலிருந்து இளம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் இப்பள்ளத்தாக்கின் தொடக்கப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றிய பகுதிக்கு 150 மதிப்பெண்களில் 30 உண்டு. தேர்வுக்காகப் படிக்கப்படும் பியாஜேயின் நான்கு நிலைகளும் அவற்றின் வயது எல்லைகளும் அவர்களது நினைவில் அட்டவணையாகப் பதிந்திருக்கின்றன. பிறப்பு முதல் 2 வரை புலன் இயக்க நிலை, 2 முதல் 7 வரை செயலுக்கு முற்பட்ட நிலை, 7 முதல் 11 வரை பருப்பொருள் செயல் நிலை, அதன்பின் முறையான செயல் நிலை என அது அமையும்.

இந்த அட்டவணைக்குப் பக்கத்தில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை வைத்து, தமிழர் முன்னரே குழந்தை உளவியலை அறிந்திருந்தனர் என முடிப்பது எளிது. அவ்வாறு முடிக்கும்போது இரண்டு இழப்புகள் நேர்கின்றன. இலக்கியம் அறிவியலின் முன்னுரையாகச் சுருங்குகிறது. ஆசிரியருக்கு ஏற்கெனவே உள்ள அட்டவணையோடு மேலும் ஓர் அட்டவணை சேர்கிறது. வகுப்பறையில் அவர் காணும் குழந்தை இரண்டிலும் அடங்குவதில்லை.

பாட்டியலின் கணக்கு

பிள்ளைப் பாட்டுக்கான கருவைத் தொல்காப்பியப் புறத்திணையியலிலேயே காணலாம். குழந்தையைப் பொருளாகக் கொண்டு பாடுதல் அங்கு இடம்பெறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் அது தனிச் சிற்றிலக்கிய வடிவம் பெற்றது. பாட்டியல் நூல்கள் அவ்வடிவத்துக்கு விதி வகுத்தன. அவற்றுள் பரவலாக அறியப்பட்ட கணக்கு 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் பருவங்களை நிறுத்துகிறது. காப்பு 3, செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15 எனச் சென்று, ஆண்பாலுக்குச் சிற்றில் 17, சிறுபறை 19, சிறுதேர் 21 என முடியும். நூலுக்கு நூல் சில மாதங்கள் மாறுபடுவதும் உண்டு.

இக்கணக்கைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, பருவங்களுக்கிடையே உள்ள தொலைவு எங்கும் இரண்டு மாதமே. குழந்தையின் வளர்ச்சி இவ்வளவு சீரான இடைவெளியில் நிகழ்வதில்லை. ஒற்றைப்பட்ட எண்ணையும் வளர்பிறையையும் மங்கலமாகக் கருதும் மரபே இதன் அடிப்படை. இரண்டாவது, 3 முதல் 21 மாதம் வரையிலான இந்த முழுக் காலமும் பியாஜேயின் முதல் நிலையாகிய புலன் இயக்க நிலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பத்துப் பருவங்களை நான்கு நிலைகளுக்குப் பங்கிட்டுக் காட்டும் ஒப்பீடு கணக்கு அளவிலேயே நிற்காது.

ஆயினும் கணக்கில் கவனிப்பே இல்லை என்று கூற இயலாது. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து அசையும் நிலை. கவிழ்ந்து கிடக்கும் குழந்தை தவழ்வதற்கு முன் தன் எடையைக் கைகளில் தாங்கப் பழகும் நுட்பமான கட்டம் அது. கைகொட்டும் சப்பாணியை 9ஆம் மாதத்திலும் தளர்நடையோடு வரும் வருகையை 13ஆம் மாதத்திலும் வைத்தவர் குழந்தையைப் பார்த்தறியாதவர் அல்லர்.

உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட இயக்க வளர்ச்சி ஆய்வை இங்கு அருகில் வைக்கலாம். துணையின்றி உட்காருதல் 3.8 முதல் 9.2 மாதத்துக்குள்ளும், கைமுழங்காலிட்டுத் தவழ்தல் 5.2 முதல் 13.5 மாதத்துக்குள்ளும், தனியே நடத்தல் 8.2 முதல் 17.6 மாதத்துக்குள்ளும் நிகழலாம் என்பது அதன் முடிவு. ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகளுள் 4.3 விழுக்காட்டினர் கைமுழங்காலிட்டுத் தவழவே இல்லை. அவர்கள் வேறு வழியில் நடைக்கு வந்தனர்.

வருகைப் பருவத்தின் 13ஆம் மாதம் இந்த வீச்சின் நடுப்பகுதியில் விழுகிறது. அவ்வகையில் பாட்டியலார் பிழைக்கவில்லை. ஆனால் பாட்டியல் சொல்வது ஒரு புள்ளி. ஆய்வு சொல்வது ஒன்பது மாத அகலமுள்ள ஒரு வாயில். புள்ளியை விதியாகக் கொள்பவர் 16ஆம் மாதத்தில் நடக்கும் குழந்தையைப் பின்தங்கியதாகக் காண்பார். வாயிலை அறிந்தவர் காத்திருப்பார். புதிய ஆசிரியரின் பயிற்சியில் வயது எல்லைகள் மட்டும் நிலைத்து, அவற்றைச் சூழ்ந்த அகலம் மறைந்துபோவது இதே இழப்பின் இன்றைய வடிவம்.

வரிசை மாறும் சான்று: பெரியாழ்வார்

பாட்டியல் வரிசையே இயற்கை வரிசை என்னும் எண்ணத்தைப் பிள்ளைத்தமிழின் முன்னோடியே மறுக்கிறார். பெரியாழ்வாரின் திருவில்லிபுத்தூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருப்பினும், 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. அவரது திருமொழியில் தாலாட்டையடுத்து அம்புலியை அழைத்தல் வருகிறது; அதன் பின்னரே செங்கீரை, சப்பாணி, தளர்நடை ஆகியன தொடர்கின்றன. பாட்டியலில் ஏழாவதாக நிற்கும் அம்புலி இங்கே செங்கீரைக்கு முன்னே நிற்கிறது. தால் அங்கே செங்கீரைக்குப் பின், இங்கே முன்.

மேலும், பாட்டியல் பத்தில் இடம்பெறாத பல செயல்கள் பெரியாழ்வாரிடம் தனித்தனிப் பதிகங்களாக உள்ளன. தளர்நடை, ஓடிவந்து அணைத்தல், முதுகைப் புல்குதல், அப்பூச்சி காட்டி அச்சுறுத்துதல், காது குத்துதல், நீராட்டுதல், குழல் வாருதல் என அவை நீள்கின்றன. இவற்றுள் பல அடைவுகளாக எண்ணப்படாதவை. காது குத்தலில் குழந்தை வளர்ச்சி எதையும் மெய்ப்பிப்பதில்லை. மறுக்கிறது, தாய் பலகாரம் காட்டி வேண்டுகிறாள். நீராட்டலிலும் அவ்வாறே. குழந்தையின் மறுப்பு ஒரு பதிகத்துக்குரிய பொருளாக மதிக்கப்படுகிறது.

பிற்காலப் பிள்ளைத்தமிழ் இம்மறுப்பை ஏறத்தாழ முற்றிலும் விட்டுவிட்டது. எண்ணிக்கையைப் பத்தாகவும் வரிசையை ஒன்றாகவும் நிலைநிறுத்தியபோது, குழந்தையின் பிடிவாதத்துக்கு இடமில்லாமற் போயிற்று. வடிவம் பெற்ற ஒழுங்கின் விலை அது. பாடநூலில் படிநிலை அட்டவணையாக மாறும் எந்த அறிவும் இவ்விலையைச் செலுத்துகிறது என்பதை ஆசிரியர் கல்வியும் எண்ணிப் பார்த்தல் தகும்.

பருவமும் நிலையும்

வளர்ச்சி உளவியலை மொழிபெயர்த்தபோது தமிழ் பெரும்பாலும் ‘நிலை’, ‘படிநிலை’ என்னும் சொற்களைக் கையாண்டது. நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது நிலை. படி, ஏறிக் கடப்பது. அடுத்த படியில் கால் வைத்தவர் முந்தைய படியை விட்டுவிடுவார். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தமிழ்நாட்டில் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் அட்டைகள் ‘ஏணி’யாக அடுக்கப்பட்டதும் இதே உருவகத்தின் தொடர்ச்சியே.

சிற்றிலக்கியம் தேர்ந்த சொல் ‘பருவம்’. தாமிரபரணிப் பாசனத்தில் இச்சொல்லின் பொருளை உழவர் நன்கறிவர். தென்மேற்குப் பருவமழையை நம்பிய கார், வடகிழக்குப் பருவமழையை நம்பிய பிசானம் என இரு நெற்பருவங்கள் அங்கு வழங்குகின்றன. பருவம் வந்துவிட்டதாலேயே நெல் விளைந்துவிடாது. நீரும் உழைப்பும் விதையும் கூட வேண்டும். பருவம் தவறினால் உழைப்பு முழுமையாகப் பயன் தராது. ஆயினும் அடுத்த பருவம் வரும். ஒரு செயலுக்கு உகந்த காலம் திறந்திருக்கிறது என்பதையே அச்சொல் உணர்த்துகிறது. செயல் முடிந்துவிட்டது என்பதை உணர்த்துவதில்லை.

2012-13 கல்வியாண்டில் தமிழகப் பள்ளிகளில் முப்பருவ முறை அறிமுகமானபோது அச்சொல் பள்ளிக்குள் நுழைந்தது. ஆனால் அங்கு அது பாடநூலின் பகுதியை எல்லையிடும் நாட்காட்டிச் சொல்லாகவே நின்றது. 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் தளங்களைப் பெயரிட்டது. பெயர்கள் தாவரத்திலிருந்து வந்தவை. வயதைச் சாராமல் குழந்தை அன்று எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு பிரிப்பது அதன் நோக்கம். நோக்க அளவில் அது பருவத்துக்கு அருகில் உள்ளது. நடைமுறையில் ‘அரும்புக் குழந்தை’, ‘மலர்க் குழந்தை’ என்று குழந்தையின் பெயராக அது மாறும்போது மீண்டும் நிலையாகிவிடுகிறது. அரும்பு என்பது அந்த வாரத்தின் வாசிப்புக்குரிய பெயர், குழந்தைக்குரிய பெயரன்று. இவ்வேறுபாட்டைப் புதிய ஆசிரியருக்கு உணர்த்துவதற்குப் பருவம் என்னும் சொல்லின் பழைய பொருள் துணைசெய்யும்.

ஈற்றடியின் அழைப்பு

பிள்ளைத்தமிழின் ஒவ்வொரு பருவத்துக்கும் பத்துப் பாடல்கள். பத்துப் பாடல்களும் ஒரே ஈற்றில் முடிகின்றன. அந்த ஈறு பெரும்பாலும் ஒரு வேண்டுகோள்: செங்கீரை ஆடுமாறு, சப்பாணி கொட்டுமாறு, முத்தம் தருமாறு, வருமாறு. குழந்தை ஆடியது என்றோ வந்தது என்றோ கவிஞர் அறிவிப்பதில்லை. பருவத்தை வரையறுப்பது குழந்தை செய்து முடித்த செயலன்று. பெரியவர் அதனிடம் இப்போது கேட்கத் தகுந்தது எது என்பதே.

இதனால் பிள்ளைத்தமிழை வளர்ச்சியின் விவரணையாக வாசிப்பதைவிட அழைப்பின் இலக்கணமாக வாசிப்பது பொருத்தமாகிறது. குழந்தை தனியே செய்ய வல்லதற்கும் பெரியவர் துணையோடு செய்ய வல்லதற்கும் இடைப்பட்ட வெளியை லெவ் வைகாட்ஸ்கி அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். அழைப்பு நிகழும் இடம் அதுவே. நிற்க இயலாத குழந்தையிடம் வருகைப் பாட்டு பாடப்படுவதில்லை. ஓடும் குழந்தையிடமும் அதற்குத் தேவையில்லை. தள்ளாடி நிற்கும் குழந்தையிடமே ‘வா’ என்னும் சொல்லுக்குப் பயனுண்டு.

அழைப்பு பத்து முறை வருவதும் கருதத்தக்கது. ஈறு மாறாதிருக்க, ஒவ்வொரு பாடலும் வேறொரு காட்சியை, வேறொரு உவமையைக் கொண்டுவருகிறது. திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழின் முத்தப் பருவத்தில் புகழ்பெற்ற பாடலொன்று சங்கு முதலியன ஈனும் முத்துகளுக்கெல்லாம் விலை உண்டு, முருகனின் வாய்முத்தத்துக்கு விலை இல்லை என்று கூறுகிறது. கொற்கை முத்தால் பெயர்பெற்ற கடற்கரைக்கு அந்த உவமை தொலைவிலிருந்து வந்ததன்று. மக்கள் அன்றாடம் கண்ட பொருள். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் நீராடற் பருவத்தில் வையை வருவதும் இவ்வாறே. கேட்பது ஒன்றே, கேட்கும் வழி பத்து, வழிக்கான பொருள் அந்த ஊரிலிருந்து எடுக்கப்படுகிறது.

இங்கு ஒரு வரையறையும் தேவை. அழைப்பு என்னும் வடிவம் குழந்தையின் மறுமொழியைப் பதிவு செய்யாமைக்கும் காரணமாகிறது. பாட்டுடைத் தலைவர் கடவுளோ அரசரோ ஆதலின், அவர் இயலாமல் நிற்பார் என எண்ணவே கவிஞருக்கு இடமில்லை. தாமதமும் தோல்வியும் மறுப்பும் அற்ற குழந்தையே அங்குப் பாடப்படுகிறது. வகுப்பறையில் மறுமொழியே அடுத்த அழைப்பைத் தீர்மானிக்கிறது. எனவே பிள்ளைத்தமிழிலிருந்து ஆசிரியர் பெறத்தக்கது பாதி. மறுபாதிக்குப் பெரியாழ்வாரின் காது குத்தற் பதிகம் போன்ற இடங்களையும் வகுப்பறைக் குழந்தையின் முகத்தையுமே நாட வேண்டும்.

அம்புலி: மூன்றாவது பொருள்

பிள்ளைக்கவி பாடுவார்க்கு அம்புலி புலி என்னும் வழக்கு அப்பருவத்தின் அருமையைக் குறிக்கிறது. சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களால் நிலவை விளையாட அழைக்க வேண்டும்; சிலேடையால் நிலவையும் தலைவரையும் ஒப்பிட வேண்டும். திறனாய்வாளர் பெரும்பாலும் இக்கவித் திறத்தையே பேசுவர். வளர்ச்சி நோக்கில் அதனினும் முதன்மையான ஒன்று அங்கு நிகழ்கிறது.

முதல் ஆறு பருவங்களில் காப்பு நீங்கலாகப் பேச்சு குழந்தையை நோக்கியது. அம்புலியில் தாய் நிலவோடு பேசுகிறாள், குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. இருவர் பேச்சில் மூன்றாவது பொருள் நுழைகிறது. குழந்தையும் பெரியவரும் ஒரே பொருளைச் சேர்ந்து நோக்குவதைக் கூட்டுக் கவனம் என உளவியல் வழங்குகிறது. ஜெரோம் புரூனரும் ஸ்கைஃபும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தொடக்கமாக அமைந்தது. சுட்டுவிரலும் சொல்லும் பொருளும் ஒரு கோட்டில் சேரும் இடத்தில் மொழி வேரூன்றுகிறது. பெரியாழ்வார் அம்புலியை முன்னதாக வைத்ததும் பாட்டியலார் பின்னதாக வைத்ததும் வயதைப் பற்றிய முரணாக இருக்க வேண்டியதில்லை. மடியில் கிடக்கும் குழந்தைக்கும் முற்றத்தில் நிற்கும் குழந்தைக்கும் நிலவு வெவ்வேறு வகையில் பயன்படுகிறது.

கேள்வியை எப்போதும் குழந்தையின் முகத்துக்கு நேரே வீசும் ஆசிரியருக்கு இது ஒரு மாற்று வழி. பேசத் தயங்கும் குழந்தையைப் பேசச் சொல்வதை விடுத்து, மேசைமீது வைத்த பொருளோடு ஆசிரியர் பேசலாம். குழந்தை கேட்கும், தன் வேளையில் சேரும்.

இறுதி மூன்று பருவங்களின் சிக்கல்

முதல் ஏழு பருவங்களில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. முத்துக்குமாரசாமியும் மீனாட்சியும் ஒரே கவிஞரிடம் ஒரே செங்கீரை ஆடுகின்றனர், ஒரே சப்பாணி கொட்டுகின்றனர். பிளவு விளையாட்டில் தொடங்குகிறது. ஆணுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

மாதக் கணக்கு முறிவதும் இவ்விடத்திலேயே. பல காய்களை மாறிமாறி எறிந்து பிடிக்கும் அம்மானையை 17ஆம் மாதத்திலோ 21ஆம் மாதத்திலோ எந்தக் குழந்தையும் ஆடுவதில்லை. அது பல ஆண்டு வளர்ந்த சிறுமியின் ஆட்டம். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என அவர்கள் வேண்டும் சிற்றிற் பருவமும் தெருவில் விளையாடும் வயதினருக்கே உரியது. முதல் ஏழில் மாதம் கவனிப்போடு ஒட்டி நடக்கிறது. இறுதி மூன்றில் எண் மட்டுமே நடக்கிறது. இவ்வேறுபாட்டைச் சுட்டாமல் பத்தையும் ஒரே தரமுள்ள வளர்ச்சிச் சான்றாக எடுத்தாளும் வாசிப்பு நூலுக்கும் நியாயம் செய்வதில்லை, உளவியலுக்கும் நியாயம் செய்வதில்லை.

பால் வேறுபாட்டின் உள்ளடக்கமும் கேள்விக்குரியது. பறை ஒலி தொலைவுக்குச் செல்லும். தேர் தெருவைக் கடக்கும். ஊசல் எவ்வளவு வேகமாக ஆடினும் கட்டிய இடத்துக்கே திரும்பும். சிற்றிலைக் கட்டுபவர் சிறுமியர், சிதைப்பவன் சிறுவன். இப்பகுப்பு வளர்ச்சியின் இயற்கையன்று. சமூகம் வகுத்த எதிர்பார்ப்பு. விளையாட்டு மூலையில் கட்டைகளைச் சிறுவருக்கும் சமையற் சாமான்களைச் சிறுமியருக்கும் எடுத்து வைக்கும் கை, அறியாமலே இறுதி மூன்று பருவங்களின் கணக்கைப் பின்பற்றுகிறது. பொற்றொட்டிலும் முத்துச் சிலம்பும் உடைய குழந்தையே அங்குப் பாடப்பட்டது என்பதும் மறக்கத் தக்கதன்று. வயல்வேலையிலும் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் தொழிலிலும் தாயர் ஈடுபட்டிருக்கும் இப்பள்ளத்தாக்கின் வீடுகளில் அழைப்புக்குக் கிடைக்கும் நேரமே வேறு. அங்கு வகுப்பறையே பல குழந்தைகளுக்கு நீண்ட அழைப்பு நிகழும் முதல் இடம்.

பேசாத பிள்ளை

குமரகுருபரர் வரலாற்றில் ஐந்து வயது வரை அவர் பேசவில்லை என்பது மரபுச் செய்தி. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றனர். முருகன் அருளால் பேச்சு வந்தது. அங்கேயே கந்தர் கலிவெண்பா பாடினார் என்பர். இதனை வரலாற்று நிகழ்வாக நிறுவ இயலாது. அடியார் வரலாறுகளுக்குரிய கூறுகள் இதில் உண்டு. ஆனால் அம்மரபு தேர்ந்தெடுத்த கரு கவனத்துக்குரியது. தாற்பருவத்தையும் முத்தப் பருவத்தையும் மாதந்தவறாது பாடிய கவிஞரே தம் பருவத்தில் நாவசையாத பிள்ளையாக நினைவுகூரப்படுகிறார். அட்டவணையை எழுதியவர் அட்டவணைக்குள் அடங்கவில்லை.

தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த குழந்தை முதல் வகுப்பில் சேர்கிறது. மரபுக் கதையின் குழந்தை இன்று பள்ளிக்கு வந்தால் பேசாத நிலையில்தான் வாயிலில் நிற்கும். அப்போது இரண்டு தவறுகள் நேரலாம். ஐந்து வயதில் பேசாத குழந்தை கற்க இயலாதது என முத்திரையிடுவது ஒன்று. பெருமை மிக்க இக்கதையைச் சொல்லித் தானே பேசிவிடும் என விட்டுவிடுவது மற்றொன்று. பின்னது அன்பின் தோற்றத்தில் வருவதால் கூடுதல் தீங்கானது. பேச்சுத் தாமதத்துக்குச் செவித்திறன் குறை காரணமாகலாம். வளர்ச்சிசார் வேறு காரணங்களும் இருக்கலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் உதவியும் உரிய காலத்தில் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளியைத் தோற்றுவித்தார். அருளால் வந்த பேச்சைக் கொண்டாடிய அதே ஆற்றங்கரையில், பேச்சு வராத குழந்தைக்கும் கல்வி உண்டு என்னும் கொள்கை நிறுவன வடிவம் பெற்றது. புதிய ஆசிரியருக்கு இவ்விரு மரபுகளும் தேவை. காத்திருக்கும் பொறுமையை முதலாவது தரும். காத்திருப்பின் எல்லையை இரண்டாவது கற்பிக்கும்.

வகுப்பறைத் திட்டத்துக்குக் கிடைப்பன

மேற்கண்ட வாசிப்பிலிருந்து பாடத்திட்டக் குறிப்புக்குரிய சில கூறுகளைப் பெறலாம். முதலாவது, காப்பு. இப்பருவம் குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை. தெய்வங்களிடம் குழந்தைக்காகக் கேட்கிறது. பள்ளித் தொடக்க நாள்களில் மதிப்பீட்டுக்கு முன் பசியும் அச்சமும் நீங்குதல் இதற்கு நிகரானது. 1950களில் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் கல்வியின் காப்புப் பருவத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது, மாறாத ஈறும் மாறும் வழிகளும். முதல் வகுப்பில் ஐந்து என்னும் எண்ணே குறிக்கோள் எனில், கைவிரல், ஐந்து முறை கைகொட்டல், ஐந்தாங்கல் ஆட்டம், ஓலைப்பெட்டியில் புளியங்கொட்டை, பூவின் இதழ், தாளில் புள்ளி எனக் குறிக்கோள் நிலைத்திருக்க வழிகள் மாறலாம். ஒரு வழியில் வராத குழந்தை மற்றொரு வழியில் வரும். ஒரே நாளில் ஐந்து, ஆறு, ஏழு என விரைந்து செல்லும் திட்டத்தைவிட இது மெதுவானது. ஆனால் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் சிறு பள்ளியில், ஒரே குறிக்கோளுக்குப் பல வாயில்கள் இருப்பதே அரும்பையும் மலரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும்.

மூன்றாவது, அழைப்பவர் மாறுதல். செங்கீரையில் தாய் அழைக்கிறாள். சிற்றிலில் விளையாட்டுத் தோழியர் பேசுகின்றனர். வளர்ச்சியின் ஒரு முகம், யாருடைய சொல்லுக்குக் குழந்தை செவிசாய்க்கிறது என்பதில் உள்ளது. ஆசிரியர் குரல் மட்டுமே ஒலிக்கும் திட்டம் குழந்தையை ஆறாம் பருவத்திலேயே நிறுத்திவைக்கும். நான்காவது, மறுமொழிக்கான வெற்றிடம். பிள்ளைத்தமிழ் பதிவு செய்யாத அந்த இடத்தைப் பாடக் குறிப்பேடு பதிவு செய்ய வேண்டும்: யார் வந்தார், யார் எவ்வழியில் வந்தார், யார் இன்னும் வரவில்லை, அவருக்கு நாளை எவ்வழி.

முடிவுரை

பிள்ளைத்தமிழின் பருவக் கணக்கு வளர்ச்சி உளவியலின் முன்வடிவம் என்னும் கூற்று நூற்சான்றால் நிறுவப்படவில்லை. முதல் ஏழு பருவங்களில் கூர்மையான கவனிப்பு உண்டு. இறுதி மூன்றில் மரபெண்ணும் பால்சார் எதிர்பார்ப்பும் மேலோங்குகின்றன. வரிசை பெரியாழ்வாரிடமே வேறாக உள்ளது. பியாஜேயின் நிலைகளோடு ஒன்றுக்கொன்று பொருத்துவதற்கு இடமில்லை. எனினும், குழந்தையிடம் இப்போது கேட்கத் தகுந்தது எது, அதனை எத்தனை வழிகளில் கேட்கலாம், எந்த ஊர்ப் பொருளைக் கொண்டு கேட்கலாம் என்னும் மூன்று கேள்விகளுக்கு இவ்விலக்கிய வகையில் நெடுங்காலப் பயிற்சி இருக்கிறது. கேட்டபின் குழந்தை என்ன செய்தது என்னும் நான்காவது கேள்விக்கு அங்கு விடையில்லை. அதனை எழுத வேண்டியவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்.

காந்திமதியம்மை பிள்ளைத்தமிழ், குளத்தூர் அமுதாம்பிகை பிள்ளைத்தமிழ் உள்ளிட்ட நூல்களின் இறுதி மூன்று பருவங்களை இந்நோக்கில் தனித்தனியே ஒப்பிட்டால், மாதக் கணக்குக்கும் பாடல்கள் காட்டும் உண்மையான வயதுக்கும் உள்ள இடைவெளியை விரிவாக அளக்கலாம். அவ்வாய்வு பிள்ளைத்தமிழ் வாசிப்புக்கும் ஆசிரியர் கல்விக்கும் ஒருங்கே பயன்படும்.